தாளமிடும் கரம்

மாதுங்காவை அடுத்துள்ள ஷண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்கும்போது நம் கரம் தானாகவே தொடையில் தாளமிடும். அதனால் பாடகரின் பாட்டு மாறுவதில்லை. ரசிகனின் கரமும் இசையில் பங்கு கொள்ளுமாயின் எப்படி இருக்கும்?

அதனைச் செய்து காட்டியவர் ஜப்பானியரான டெட்சுயா மிசுகுச்சி. அவருடைய குழுவினர் 2001-இல் வெளியிட்ட வீடியோ விளையாட்டு ‘ரெஸ்’. அதில் ஆடுபவர், எதிர்வரும் உருவங்களைக் குறிபார்த்துச் சுடுகிறார். ஒவ்வொரு சூட்டுக்கும் ஓர் ஒலி எழுகிறது. பொத்தானைத் தாளம் தப்பி அழுத்தினாலும், கணிப்பொறி அவ்வொலியைக் கணநேரம் நிறுத்திவைத்துத் தாளத்தோடு பொருத்திவிடுகிறது. ஒளியும் வண்ணமும் உடன் துடிக்கின்றன. ஆடுபவர் தம்மை அறியாமலே வாத்தியக்காரர் ஆகிறார். இசையை ஓவியத்தில் காண விழைந்த ருஷிய ஓவியர் காண்டின்ஸ்கியின் சிந்தனையே இதற்கு வித்து. 2018-இல் வந்த ‘டெட்ரிஸ் எஃபெக்ட்’ விளையாட்டிலும், கட்டையைத் திருப்பினால் இசை ஒலிக்கும்.

காட்கோபரில் எங்கள் வீட்டில் மகன் ‘ரெஸ்’ ஆடும்போதெல்லாம், “ஒலியை நிறுத்து” என்றே அதட்டி வந்தோம். ஒரு நாள் அவனுடைய செவிக்கருவியை வாங்கி அணிந்து ஆடிப் பார்த்தோம். சபையில் தாளமிட்ட அதே கரம் இங்கே இசையை எழுப்பியது! நாங்கள் இதுவரை அவனிடமிருந்து பறித்தது வெறும் இரைச்சலை அன்று, கலையின் பாதியை.

பிள்ளைகளின் விளையாட்டுக்கு நேர வரம்பு வேண்டுவதே. ஆயினும் செவிசாய்த்த பின்னரே தீர்ப்புக் கூறுவோம்.