பி.ஆரை நம்பிப் படிப்பதா?
(புனேயில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)

ராஸ்தா பேட்டானாலும் நிக்டியானாலும், வெளிநாட்டுப் படிப்பு என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "பி.ஆர். கிடைக்குமா?" என்றுதான். என்ன படிப்பு என்பது அப்புறம்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்கிறேன். சமையல், முடிதிருத்தம் படித்தால் பி.ஆர். சுலபம் என்று நம் தேசத்துப் பிள்ளைகள் ஏராளமாகப் போனார்கள். (தொழில் கேவலமில்லை, பலருக்கு அதில் விருப்பமே இல்லை.) 2010 பிப்ரவரியில் விதி மாறியது. ஜூலையில் வந்த பட்டியலில் அந்த இரண்டு தொழிலும் இல்லை. படித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்தது, ஸ்பான்சர் தேடிக்கொள்ள 18 மாதத் தற்காலிக விசா. கடன் மட்டும் மாறவில்லை.

ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பாங்க் பொதுவாக ஈடு கேட்கும். வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்குமுன் ஏஜெண்டிடம் கேளுங்கள்: "பி.ஆர். வராவிட்டால், இந்தப் படிப்புக்குப் புனேயில் என்ன சம்பளம்?"