கொடைக்கானல் நீரில் பசும்பிறைகள்

பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது கொடைக்கானல் ஏரி. மதுரைக் கலெக்டராயிருந்த வீர் லெவிஞ்ச் என்பாரின் முயற்சியால் 1863-ஆம் ஆண்டில் அது உருவாயிற்று. அங்குச் செல்வோர் படகேறி மகிழ்வர். கரையோரத்து நீர்ப்பூண்டுகளை உற்று நோக்குவார் மிகச் சிலரே. அப்பூண்டில் ஒரு கைப்பிடியைப் பிழிந்து, வடியும் நீரில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் உலகம் புலப்படும்.

அவ்வுலகத்தின் எழில்மிக்க குடிகள் டெஸ்மிட் எனப்படும் பச்சைப்பாசிகள். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஓர் உயிரணுவே முழு உடல். காஸ்மேரியம் இடை சிறுத்தது. மைக்ராஸ்டீரியாஸ் நட்சத்திரம் போன்றது. கிளாஸ்டீரியம் பிறை வடிவினது. அப்பிறையின் இரு முனைகளிலும் உள்ள நுண்ணறைகளில் சிறு படிகங்கள் ஓயாது துடித்துக்கொண்டிருக்கும்.

டெஸ்மிடின் உடல் ஒன்றையொன்று ஒத்த இரு பாதிகளால் ஆனது. நடுவே உட்கரு அமைந்திருக்கும். இனம் பெருகும்பொழுது உட்கரு இரண்டாகப் பிரியும்; பாதிகளும் பிரியும்; ஒவ்வொரு பாதியும் தனக்குத் துணையாகப் புதியதொரு பாதியை வளர்த்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு பாதி மூத்தது, மறுபாதி இளையது! சில வேளைகளில் இரண்டு உயிரணுக்கள் கூடி ஒன்றாகித் தடித்த உறையுள்ள வித்தாக மாறும். நீர் வற்றினும் அவ்வித்து உறங்கிக் கிடந்து, நல்ல காலம் வந்ததும் முளைக்கும்.

இவற்றுள் பெரும்பாலானவை சுண்ணாம்புச் சத்துக் குறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள தூய நீரையே விரும்புவன. கடினமான பாறைகளின் மீதும் சோலைக்காடுகளின் ஊடேயும் வழிந்துவரும் மலைநீர் அத்தகையது. ஆனால், அந்நீரில் கழிவுநீரும் உரச்சத்தும் கலப்பின், வேறு பாசிகள் பெருகி இடத்தை அடைத்துக்கொள்ளும். டெஸ்மிடுகளில் ஒருசில இனங்கள் அதனையும் பொறுக்கும். பல இனங்கள் ஓசையின்றி மறைந்துவிடும். ஆகவே ஒரு நீர்நிலையில் எத்தனை வகை டெஸ்மிடுகள் வாழ்கின்றன என்பது, அந்நீரின் நலத்தைக் காட்டும் ஒரு சான்றாகும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியல் ஆராய்ச்சியை வளர்த்த எம்.ஓ.பி. அய்யங்கார், விமலா பாயுடன் சேர்ந்து, கொடைக்கானலில் கிடைத்த டெஸ்மிடுகளைப் பற்றி 1941-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கட்டுரை வெறும் பெயர் வரிசையன்று. மலைநீரின் அன்றைய நிலைக்கு எழுதிவைத்த கணக்கு. இன்றைய துளியை அக்கணக்கோடு ஒப்பிட்டு, இருப்பவை எவை, இழந்தவை எவை என்று காண்பது மாணவர்களாகிய உங்களுக்குரிய பணி. அதற்கு வேண்டுவன ஒரு சிறு குப்பி, ஒரு மைக்ராஸ்கோப், பொறுமை ஆகிய மூன்றே.