கண்டிக் கலையும் கைவினை நூலும்

கைவினையைப் போற்ற எழுந்த நூல், தானும் ஒரு கைவினையாகவே பிறத்தல் வேண்டுமா? இவ்வினாவுக்குச் சொல்லால் அன்றிச் செயலால் விடை தந்தவர், கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்து, இங்கிலாந்திலே கல்வி கற்று, நிலவியல் அறிஞராக இலங்கை மீண்ட அவர், 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கினார். பாறைகளைத் தேடிச் சென்றவரின் கண்களைக் கவர்ந்தவை கண்டி நாட்டின் கலைகள். எம்பெக்கைத் தேவாலயத்தின் செதுக்குத் தூண்கள், தெகல்தொருவைக் குகை விகாரையின் சுவரோவியங்கள், அரக்கை இழையாக நீட்டிப் பெருவிரல் நகத்தால் நறுக்கி ஒட்டும் மாத்தளை வேலை ஆகிய யாவும் அவர் உள்ளத்தை ஈர்த்தன.

கண்டி மன்னர் காலத்திலே அரச பட்டறைகள் இருந்தன. கைவினைஞர் தம் பணிக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தனர். 1815இல் அரசு வீழ்ந்தது. ஆதரித்த கையும் அகன்றது. ஆலையிலே செய்த பொருள்கள் கடல் கடந்து வந்து குவிந்தன. தந்தையிடம் கற்ற தொழிலை மகனுக்குக் கற்பிப்பதிற் பயனுண்டோ எனக் கைவினைஞன் ஐயுறும் காலம் வந்தது. இந்நிலை கண்டு வருந்திய குமாரசுவாமி, பழைய கட்டடங்களைப் பேணுமாறு 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் வரைந்தார். பின்னர், தாம் கண்டவற்றையெல்லாம் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலாக்கினார்.

அந்நூலை எங்கே அச்சிடுவது? இங்கேதான் வில்லியம் மொறிஸின் பெயர் எழுகின்றது. இயந்திர அச்சின் மலிவையும் பொலிவின்மையையும் வெறுத்த மொறிஸ், 1891இல் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தை நிறுவியவர். எழுத்துருக்களைத் தாமே வரைந்தார். எதிரெதிரான இரு பக்கங்களையும் ஒரே ஓவியமெனக் கருதி அமைத்தார். ஓரங்களைக் கொடியாலும் மலராலும் நிரப்பினார். இடைவெளிதோறும் பூவைத் தூவிய கண்டி ஓவியன் அப்பக்கங்களைக் கண்டிருந்தால், தன் இனத்தான் ஒருவனை அறிந்திருப்பான். 1896இல் வெளிவந்த சோசரின் நூற்றொகுதியே மொறிஸின் சிகரப் படைப்பு. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

அவருடைய அச்சுப்பொறி ஆஷ்பீ என்பாரின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தைச் சேர்ந்து, பின்னர் குமாரசுவாமியிடம் வந்தது. இங்கிலாந்தின் புரோட் கேம்ப்டன் என்னும் சிற்றூரிலே, 1907 செப்டெம்பரிலே தொடங்கிய அச்சுவேலை 1908 டிசெம்பரிலே நிறைவெய்தியது. அவர்தம் துணைவியார் எதெல் எடுத்த நிழற்படங்கள் நூலை அணி செய்தன. சோசரின் நூலை அச்சிட்ட பொறியிலே கண்டிக் கைவினைஞனின் புகழும் அச்சேறியது.

அச்சான பிரதிகள் 425 மாத்திரமே. எவனுடைய கைத்திறனை அந்நூல் போற்றியதோ, அவன் குடிலை அது எட்டியிருத்தல் அரிது. இது குறையே, மறைத்தற்கில்லை. கையால் ஆக்கும் அழகு பலர் கையை அடைவதில்லை என்பது மொறிஸையும் வாட்டிய துயரமன்றோ? எனினும், கைவினைஞரின் தொழில் முறைகளும் கலைச்சொற்களும் சமூக நிலையும் அப்பக்கங்களிலே அழியாது நின்றன. 1956இல் நூல் மறுபதிப்புப் பெற்றது. கண்டிக் கலையை ஆராய்வோர் இன்றும் அதனை நாடுகின்றனர்.

கண்டியிலிருந்து அவர் கொண்டு சென்றது செய்தி மாத்திரமன்று, ஒரு நெறியுமாகும். செய்பொருளிலே செய்வோனின் உள்ளம் உறைதல் வேண்டும் என்பதே அந்நெறி. அதனை அவர் எழுதியதோடு அமையாது, அச்சிட்டும் காட்டினார்.