கழிப்பறைக் காற்றும் கூலிக் கேள்வியும்

(வீட்டுவேலை செய்யும் தாய்மார்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குமுன் இங்கே எழுந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை அண்ணே" என்றார் ஓர் அம்மா. இன்னொருவர் காங்கிரஸ் செடியைக் குற்றம் சொன்னார். பார்த்தீனியம் என்கிற அந்தச் செடி இந்த ஊரில் பலருடைய மூச்சைப் பிடிப்பது உண்மைதான். ஆனால் வேலைக்குப் போகாத இரண்டு நாள், இதே ஊரில், இதே குளிரில் இருமல் அடங்கி, மூன்றாம் நாள் வேலைக்குப் போனதும் திரும்புகிறதே, அதற்கு என்ன பதில்?

நம் சகோதரி ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கழிப்பறைக் கறை போக பிளீச்சிங் தண்ணீர் ஊற்றினார். போகவில்லை. அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றினார். கண் எரிந்தது, நெஞ்சு அடைத்தது. வீட்டுக்காரர் ஒரு இருமல் மிட்டாயைக் கொடுத்து, "அடுத்த பாத்ரூமையும் முடித்துவிட்டுப் போ" என்றாராம்.

பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜியத்தில் ஈப்ர் நகரருகே ஜெர்மன் படை எதிரிகள்மீது ஏவிய வாயு அதுதான். அளவு வேறு, வாயு ஒன்றே. அது காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது, தரையோடு தேங்கும். மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அமிலமாகி அரிக்கும். வாசலில் நின்று "ஒன்றும் நெடி இல்லையே" என்கிறார் மேடம். அவர் நிற்கிறார், நீங்கள் குந்தியிருக்கிறீர்கள்! முந்தானையை மூக்கில் கட்டினால் தூசி நிற்கும், வாயு நிற்காது. அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தையும் பிளீச்சிங்கோடு சேர்க்காதீர்கள்; அதுவும் நச்சு வாயுதான்.

கலக்காவிட்டாலும் தீங்கு உண்டு. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தார் ஐரோப்பாவில் 6,000-க்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கூலிக்குத் துப்புரவு செய்த பெண்களுக்கும், சொந்த வீட்டைத் துடைத்த பெண்களுக்கும் நுரையீரல் வலு மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்தது தெரிந்தது. ஆண்களிடம் அது தெரியவில்லை. நாம் துடைப்பத்தைத் தொட்டால்தானே!

குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் வீட்டுவேலையை முதலில் சேர்த்த மாநிலம் கர்நாடகம், ஆண்டு 2004. அது கூலியைப் பேசியது, மூச்சைப் பேசவில்லை. வீட்டுவேலைத் தொழிலாளிக்கும் பாதுகாப்பான வேலையிடம் உரிமை என்கிறது 2011-இல் ஜெனீவாவில் நிறைவேறிய 189-ஆம் உடன்படிக்கை. ஆதரித்து வாக்களித்த இந்தியா, அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

ஆகவே நாமே கேட்கவேண்டும். ஆசிட் வேண்டாம், சோப்பும் நீளக் கைப்பிடி பிரஷும் போதும். ஜன்னல் திறந்திருக்கவேண்டும். ரப்பர் கையுறை அவர்கள் செலவில் வரவேண்டும். ஸ்பிரேயைக் காற்றில் அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைப்போம். நெஞ்சு அடைத்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். மறுபடி உள்ளே போகாதீர்கள். சில மணி நேரம் கழித்தும் திணறல் வரலாம். எதை எதோடு ஊற்றினோம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

புட்டிகளில் எச்சரிக்கை எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு வரும்போது வேலைசெய்யும் வீட்டுப் புட்டிகளைச் செல்போனில் படம் பிடித்து வாருங்கள். பார்சல் சீட்டு எழுதிப் பழகிய கை என்னுடையது; படித்துத் தமிழில் பட்டியல் நான் போடுகிறேன்.