இருநூறு ரூபாயும் நமது ஓய்வூதியமும்

(நாகபுரியில் நடைபெற்ற மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூத்தோர் கூட்டத்தில் பேச வருகிறவர்கள் சாதாரணமாகச் சர்க்கரை வியாதியைப் பற்றியோ கீதையைப் பற்றியோ பேசுவார்கள். இரண்டிலும் என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் இந்த அரங்கிலேயே பத்துப் பேர் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது ஓய்வூதியக் கணக்கு ஒன்றுதான். திருச்சியில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு, சோதனைக்குழாய்க்குப் பதிலாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு 1971இல் இந்த ஊருக்கு வந்தேன். கணக்கு-தணிக்கைத் துறையில் 38 வருடங்கள். அதில் பாதிக்கு மேல் பிறத்தியாருடைய ஓய்வூதியக் கோப்புகளைச் சரிபார்ப்பதிலேயே கழிந்தது. ஆகவே எனக்குத் தெரிந்ததையே பேசுகிறேன். சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். காப்பி கூட்டம் முடிந்த பிறகுதான் என்று செயலாளர் சொல்லிவிட்டதால், யாரும் நடுவில் எழுந்து போகமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நான் பழைய ஓய்வூதியத் திட்டத்தைச் சேர்ந்தவன். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. அதன்மேல் வருடத்துக்கு இரண்டு தடவை அகவிலை நிவாரணம். பத்து வருடத்துக்கு ஒருமுறை சம்பளக் கமிஷன். 80 வயதானால் 20 சதவீதம் கூடுதல். இதற்காக என் சம்பளத்திலிருந்து ஒரு பைசாகூடப் பிடிக்கவில்லை. வருங்கால வைப்பு நிதியில் போட்டது என் சொந்தச் சேமிப்பு, அது தனி. இன்று நான் வாங்கும் ஓய்வூதியம் 2009இல் கடைசியாக வாங்கிய மொத்தச் சம்பளத்தைவிட அதிகம். இதை வெட்கத்தோடு சொல்லவில்லை. உழைத்துப் பெற்றது. அதே சமயம், உழைத்தவர்கள் எல்லோருக்கும் இது கிடைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஓய்வூதியம் என்பது அரசு போடும் பிச்சையல்ல என்று உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் தீர்ப்பளித்தது. 1979 மார்ச் 31 என்ற தேதியை வைத்து, அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு கணக்கு, பின் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு கணக்கு என்று பிரித்தது தவறு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அதனால்தான் டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் தினமாக நாம் கொண்டாடுகிறோம். அன்று மாலை மரியாதை எல்லாம் நடக்கும். தீர்ப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் சபை மௌனமாகிவிடும்.

அப்படிப்பட்ட நாட்டில் 2004 ஜனவரி 1 என்று இன்னொரு தேதி வந்தது. அன்றோ அதற்குப் பிறகோ மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்கு, ராணுவத்தினர் நீங்கலாக, புதிய திட்டம். ஊழியர் 10 சதவீதம் போட வேண்டும். அரசும் 10 போடும். அரசின் பங்கு 2019 ஏப்ரலில் 14 ஆயிற்று. சேர்ந்த பணம் சந்தையில் வளரும். வளர்ந்த அளவுக்கு ஓய்வூதியம். இவ்வளவு கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த யோசனையின் மூலத்தைத் தேடினால் 1998இல் சமூக நீதி அமைச்சகம் எஸ்.ஏ. தவே தலைமையில் அமைத்த குழுவுக்குப் போகும். ‘ஒயாசிஸ்’ என்று அதற்குப் பெயர். பாலைவனச் சோலை என்று பொருள். அந்தக் குழுவின் கவலை அரசு ஊழியர்களைப் பற்றியது அல்ல. கூலிக்காரர், கைவண்டிக்காரர், சின்னக் கடைக்காரர் ஆகியோர் முதுமையில் என்ன செய்வார்கள் என்பதே கேள்வி. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் மருந்து முதலில் போய்ச் சேர்ந்தது அரசு ஊழியர்களிடம். பாலைவனத்தில் இருந்தவர்கள் பாலைவனத்திலேயே இருந்தார்கள்.

என் பெண் 2006இல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவள். அவள் அலுவலகத்தில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில், 2003இல் சேர்ந்தவருக்கு ஒரு முதுமை, 2006இல் சேர்ந்தவளுக்கு வேறு முதுமை. “அப்பா, நகரா தீர்ப்பு என்று பெருமை பேசுவேளே, இது மட்டும் என்ன நியாயம்?” என்று கேட்டாள். சட்டப்படி பதில் உண்டு. புதிதாகச் சேருகிறவனுக்குப் புதிய நிபந்தனை போட அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் சாப்பாட்டு மேஜையில் அந்தப் பதில் எடுபடவில்லை.

பிறகு 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை ஏற்றது. 2025 ஏப்ரல் 1 முதல் அமல். 25 வருட சேவைக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பள சராசரியில் பாதி. அதற்கு அகவிலை நிவாரணம். 10 வருடம் முடித்தவருக்குக் குறைந்தபட்சம் 10,000 ரூபாய். ஊழியர் 10 சதவீதம் போட வேண்டும், அரசு 18.5 சதவீதம் ஏற்கும். என் பெண் இதையா, பழையபடியா என்று என்னிடம் கேட்டாள். நான் நான்கு பக்கம் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைப் பார்க்காமலே, “எனக்கு லாபம் வேண்டாம், தூக்கம் வேண்டும்” என்று ஒருங்கிணைந்த திட்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். என் அபிப்பிராயத்தில் நல்ல முடிவு. ஊழியரும் போடுகிறார், அரசும் உத்தரவாதம் தருகிறது. 2004இலேயே இப்படிச் செய்திருந்தால் இருபது வருட மனக்கசப்பு மிச்சமாகியிருக்கும்.

இப்போது பழைய திட்டத்துக்கே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கை. 2023 மார்ச்சில் நம் மகாராஷ்டிர மாநில ஊழியர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்ததை நாகபுரிக்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், ஹிமாசலப் பிரதேசம் ஆகிய ஐந்து மாநிலங்களும் 2022லும் 2023லும் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தன. அரசியல்வாதிக்கு இதில் உள்ள வசதியைக் கவனியுங்கள். அறிவித்த மறு மாதமே அரசு தன் பங்கான சந்தாவைக் கட்ட வேண்டாம். கையில் பணம் மிஞ்சும். 2004இல் 25 வயதில் சேர்ந்தவர் ஓய்வு பெறுவது 2039 வாக்கில். கைதட்டல் இன்றைய முதலமைச்சருக்கு, பில் 2039இல் யார் இருக்கிறாரோ அவருக்கு. 2024 செப்டம்பரில் ஹிமாசலப் பிரதேசத்தில் சம்பளம் 5ஆம் தேதியும் ஓய்வூதியம் 10ஆம் தேதியும் வந்தன. இதற்குக் காரணம் பழைய ஓய்வூதியம் என்று சொன்னால் அது கணக்குத் தெரியாதவன் பேச்சு. அந்தச் சுமை இன்னும் வரவே இல்லை. நான் சொல்ல வருவது வேறு. கஜானா காலியானால், எவ்வளவு கெட்டியாக எழுதிய வாக்குறுதியும் பத்து நாள் காத்திருக்கத்தான் வேண்டும்.

இதுவரை பேசியது எல்லாம் நம்மைப் பற்றி. இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

2025 தசராவுக்கு முதல் நாள், அக்டோபர் 1 அன்று, அகவிலை நிவாரணம் 58 சதவீதமாக உயர்ந்த செய்தி வந்தது. என் பழைய சகாக்கள் இருவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நிலுவை எவ்வளவு வரும், தீபாவளிக்கு முன் வருமா என்று பேச்சு. எங்கள் வீட்டில் 20 வருடமாகப் பாத்திரம் தேய்க்கும் பாயி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவன் இல்லை, 68 வயது. நண்பர்கள் போன பிறகு மராத்தியில் கேட்டாள்: “சாஹேப், உங்கள் பென்ஷன் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கூடுகிறது. என்னுடையது ஏன் கூடுவதே இல்லை?”

38 வருடம் தணிக்கை ஆட்சேபணைகளுக்குப் பதில் எழுதியவன் நான். அதற்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு மத்திய அரசின் உதவித்தொகை 1995 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. மாதம் 75 ரூபாய். 2006இல் அது 200 ஆயிற்று. 80 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிற்பாடு 500 ஆக்கினார்கள். 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு அதே 200. மாநிலங்கள் தம் சக்திக்கேற்பக் கூட்டித் தருகின்றன. ஆந்திரத்தில் 2024இல் 4,000 ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் 2023இல் 1,200. நம் மகாராஷ்டிரத்தில் அதே வருடம் 1,500. பாயிக்கு வருவது அந்த 1,500. அதில் மத்திய அரசின் பங்கு 200. மாநிலம் ஏழையாக இருந்தால் முதியவருக்குக் கிடைப்பதும் குறைவு.

இனி நம் பக்கம். 2006 ஜனவரியில் ஒரு மத்திய அரசு ஓய்வூதியருக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2016 ஜனவரியில் ஏழாவது கமிஷன் அதை 257 ஆக்கியது. 2025 ஜூலையில் 58 சதவீத நிவாரணம் சேர்த்தால் 406. நம்முடைய 100, 406 ஆன அதே காலத்தில் அந்தக் கிழவியின் 200, 200ஆகவே நிற்கிறது. கமிஷன் தந்த உயர்வை விட்டுவிடுவோம். விலைவாசிக்காக நமக்குக் கொடுத்த அகவிலைக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, 200, 2025 ஜூலையில் 711 ஆகியிருக்க வேண்டும். திருப்பிச் சொன்னால், 2025 ஜூலையின் 200 அன்றைய 56 ரூபாய்க்குச் சமம். 1995இல் கொடுத்த 75ஐவிடக் குறைவு! கதிரியக்கப் பொருள் தானே தேய்ந்து பாதியாகும் காலத்தை அரை ஆயுள் என்று வேதியியலில் படித்தோம். இங்கே யாரும் உத்தரவு போட்டுக் குறைக்கவில்லை. பேசாமல் இருந்தே குறைத்துவிட்டார்கள். இதில் எந்தக் கட்சியும் மற்றதைக் குறை சொல்ல முடியாது. எல்லா ஆட்சியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

செலவு தாங்குமா என்று கேட்பீர்கள். பயனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பேர். ஒவ்வொருவருக்கும் மாதம் 500 ரூபாய் கூட்டினால் வருடத்துக்கு 13,200 கோடி. மத்திய அரசு 2025-26 பட்ஜெட்டில் ஓய்வூதியத்துக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 2 லட்சத்து 76 ஆயிரம் கோடி. அதில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. நம்மிடமிருந்து பிடுங்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. தொகையின் அளவு புரியட்டும் என்று சொல்கிறேன்.

2025 டிசம்பர் 17 அன்று எங்கள் ஓய்வூதியர் அமைப்பின் கூட்டத்தில், எட்டாவது சம்பளக் கமிஷனுக்கு அனுப்ப வேண்டிய மனுவைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் எழுந்து, அந்த மனுவின் கடைசியில் ஒரு வரி சேர்க்கலாம் என்றேன்: ‘எங்களுக்குப் பொருந்தும் அகவிலை விதி முதியோர் உதவித்தொகைக்கும் பொருந்த அரசு ஆவன செய்ய வேண்டும்.’ கையைத் தூக்கியவர்கள் என்னைச் சேர்த்து நான்கு பேர்.

எதிர்ப்புகள் மூன்று. அது கமிஷனின் வரம்பில் வராது என்றார் ஒருவர். உண்மைதான், அப்படியானால் நிதி அமைச்சருக்குத் தனிக் கடிதமாக எழுதலாம் என்றேன். அவர்கள் வரி கட்டவில்லையே என்றார் இன்னொருவர். சோப்பும் எண்ணெயும் வாங்குகிற எவரும் வரி கட்டாமல் தப்பிக்க முடியாது. போலிப் பயனாளிகள் அதிகம் என்றார் மூன்றாமவர். இருக்கலாம். நம்மையும் அரசு நம்பவில்லையே! வருடா வருடம் நவம்பரில், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சான்று கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்? போலியைக் களைவது வேறு, 200ஐ 200ஆகவே வைப்பது வேறு.

வெளியே வந்ததும் நண்பர் ஒருவர், “ஏன் ஓய், நமக்கு எதற்கு இந்த ஊர் வம்பு?” என்றார். ஊர் வம்பு அல்ல என்பதற்காகத்தான் இன்று உங்களிடம் பேசுகிறேன். நம் சமூகத்திலேயே கல்யாணங்களில் கரண்டி பிடித்த சமையற்காரர்கள், வீடு வீடாகப் போய் வைதிகம் பண்ணி வைத்த சாஸ்திரிகள், அப்பளம் இட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த மாமிகள் எத்தனை பேர்! யாருக்குப் பி.பி.ஓ. இருக்கிறது? தனியார் கம்பெனியில் 30 வருடம் உழைத்தவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தில் 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். 2015இல் வந்த அடல் திட்டத்தில் 40 வயதைத் தாண்டியவர் சேரவே முடியாது. சேர்ந்தவருக்கும் விலைவாசிக்கு ஏற்ப உயர்வு கிடையாது.

அரசியல் சாசனத்தின் 41ஆவது பிரிவு, அரசு தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு முதுமையில் உதவ வேண்டும் என்கிறது. 1950இல் சக்தி இல்லை என்றால் ஒப்புக்கொள்ளலாம். இன்றும் அதையே சொல்வது பொருந்தாது.

நான் கேட்பது சிறிய காரியம். பல ஊர்களில் இருக்கும் நம் உறுப்பினர்கள் அவரவர் ஓய்வூதியர் அமைப்பில் இந்த ஒரு வரியைத் தீர்மானமாக முன்வையுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, நான்கு கை உயர்ந்தது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். தொகுதி எம்.பி.க்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவர்கள் நாட்டில் யார் என்று கேட்டால், ஓய்வு பெற்ற நம்மைத்தான் கை காட்டுவார்கள். அந்த வித்தையை நம் நிலுவைத் தொகைக்காக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமா?

பாயிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. காப்பி தயாராகியிருக்கும் என்று நினைக்கிறேன்.