முதுமையில் உடலுறுதியும் அறிவாற்றலும்



ராமாபுரத்தைப் போன்ற சிற்றூர்களில் பணியாற்றிவரும் அலுவலர்களும், நாளை அத்தகைய ஊர்களுக்குப் பணியாற்றச் செல்லவிருக்கும் மாணவர்களும் இங்கே கூடியிருக்கிறீர்கள். முதியவரை மதிப்பது என்றால் அவருக்கு ஓய்வு கொடுப்பது என்றே நம் குடும்பங்களில் பொருள் கொள்கிறோம். "நீங்கள் உட்காருங்கள் தாத்தா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி, அவர் கையிலிருக்கும் மண்வெட்டியை வாங்கிக்கொள்கிறோம். பாட்டியைக் கிணற்றடிக்குப் போகவிடுவதில்லை. அன்பினால் செய்யப்படும் இச்செயல் அவர்களுடைய கால்களை மட்டுமின்றி நினைவாற்றலையும் தளரச் செய்யக்கூடும் என்பதே நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

பிரச்சினையின் அளவு

2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேல் இருந்தனர். டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இவ்வயதினரில் 100க்கு ஏறத்தாழ 7 பேரைப் பாதித்திருக்கிறது என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அதாவது, சுமார் 88 லட்சம் பேர். இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்நோய் நகரங்களைவிடக் கிராமங்களிலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் மிகுதியாகக் காணப்பட்டது. ஆயினும், "வயதானால் அப்படித்தான்" என்று சொல்லி இதனை நாம் கடந்துபோய்விடுகிறோம்.

மைசூர் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு

மைசூர் சமஸ்தானத்தில் 1912 முதல் 1918 வரை திவானாக விளங்கிய சர் எம். விசுவேசுவரய்யாவை இப்பகுதியினர் எவரும் மறந்திருக்க முடியாது. நடைப்பயிற்சியையும் ஒழுங்கான அன்றாட வாழ்க்கையையும் இறுதிவரை கைவிடாதவர் அவர். தொண்ணூறு வயதை எட்டிய பிறகும், 1952இல், பீகாரில் கங்கையின் குறுக்கே பாலம் அமைப்பதற்கான இடத்தைப் பற்றி ஆராய்ந்து கூறும் பொறுப்பை ஏற்றார். நூறு வயதைக் கடந்து 1962இல் மறைந்தார்.

இத்தகைய வாழ்க்கை நமக்கு ஊக்கம் தருகிறது. ஆயினும் ஒரு தனி மனிதரின் வாழ்க்கை விஞ்ஞானச் சான்றாகிவிடாது. கல்வி, வசதி, பிறவி நலம் ஆகியவையும் அதில் கலந்திருக்கும். ஆகவே ஆராய்ச்சி கூறுவதைப் பார்ப்போம்.

ஆராய்ச்சி காட்டும் உண்மை

மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இதயமும் இரத்தக் குழாய்களும் செம்மையாக இயங்கினால்தான் மூளைக்கு வேண்டிய இரத்தம் தடையின்றிச் செல்லும். உடலுழைப்பு இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்க உதவுகிறது, உறக்கத்தைச் சீராக்குகிறது, மனச்சோர்வைக் குறைக்கிறது. இவை ஒவ்வொன்றும் அறிவாற்றலைக் காக்கும் வேலிகளாகும்.

1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 60 முதல் 75 வயதுக்குட்பட்ட 124 பேர் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு நடந்தது. மற்றது தசைகளை நீட்டும் பயிற்சிகளைச் செய்தது. ஆறு மாதங்களுக்குப் பின், கவனத்தை ஒருமுகப்படுத்தவும் ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறவும் வேண்டிய திறனில் நடந்தவர்கள் முன்னேறியிருந்தனர். 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு 120 முதியவர்களை ஓராண்டு கண்காணித்தது. நடைப்பயிற்சி செய்தவர்களிடம் நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதி சுமார் 2 சதவிகிதம் பெருத்திருந்தது; செய்யாதவர்களிடம் அது சற்றுச் சுருங்கியிருந்தது.

நம் மண்ணிலும் இத்துறையில் பணி நடைபெறுகிறது. மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பாதுகாக்கப்பட்ட பிறப்புப் பதிவேடுகளைக் கொண்டு, அங்கே பிறந்தவர்களின் முதுமைக்கால அறிவாற்றல் ஆராயப்பட்டிருக்கிறது. கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுர வட்டாரத்தில், 45 வயதைக் கடந்த பத்தாயிரம் கிராமவாசிகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வை, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த மூளை ஆராய்ச்சி மையம் 2018இல் தொடங்கியது.

மிகைப்படுத்த வேண்டாம்

அலுவலர்கள் மக்களிடம் பேசும்போது, உள்ளதை உள்ளபடியே சொல்ல வேண்டும். 70 முதல் 89 வயதுக்குட்பட்ட 1,600க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2015இல் வெளியாயிற்று. உடற்பயிற்சி அவர்களுடைய நடமாட்டத்தைக் காத்தது. ஆனால் அறிவாற்றலில், நல்வாழ்வுக் கல்வி மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் முந்தவில்லை. மறதிநோய் ஏற்கனவே வந்தவர்களிடம் கடும் பயிற்சி அந்நோயின் வேகத்தைத் தணிக்கவில்லை என்று 2018இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. உடற்பயிற்சி மறதிநோய்க்கு மருந்தன்று. நடுவயதிலேயே தொடங்கி, இடைவிடாது காத்துவரும் பழக்கமே பயன் தரக்கூடியது. 2024இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று, மாற்றக்கூடிய 14 காரணங்களைக் களைந்தால் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவிகிதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. உடலியக்கக் குறைவு அவற்றுள் ஒன்று. கல்வியின்மை, செவிக் குறைவு, பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், தனிமை ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன.

கிராமத்து மக்கள்தான் உழைக்கிறார்களே, அவர்களிடம் ஏன் இந்நோய் மிகுதி என்று நீங்கள் கேட்கலாம். விடையின் ஒரு பகுதி இப்பட்டியலில் இருக்கிறது. பள்ளிக்குச் செல்லாத முதுமகளின் காது மந்தமாகி, கண்ணில் புரை விழுந்து, இரத்த அழுத்தம் அளக்கப்படாமலே இருந்தால், வயல்வேலை மட்டும் அவரைக் காப்பாற்றாது. மேலும், நம் விவசாயத் தொழிலாளியின் உழைப்பு படிப்படியாகக் குறைவதில்லை. முழங்கால் வலியோ ஒரு வீழ்ச்சியோ வந்த நாளில் அது ஒரேயடியாக நின்றுவிடுகிறது. மீண்டும் விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் அவரைத் திண்ணையோடு கட்டிப்போடுகிறது. நடை நிற்கும்போது கடைத்தெருவும் கோயிலும் நண்பர் பேச்சும் நின்றுபோகின்றன. அறிவுக்கு வேலை தந்த அனைத்தும் இவ்வாறு விலகிவிடுகின்றன.

நாம் செய்யக்கூடியவை

65 வயதைக் கடந்தவர்களும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கம் கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. வாரத்தில் மூன்று நாட்களேனும் உடற்சமநிலையையும் தசை வலிமையையும் வளர்க்கும் பயிற்சிகள் வேண்டும் என்றும் கூறியது. இதற்குப் பணச் செலவு இல்லை. பேசிக்கொண்டே நடக்கக்கூடிய, ஆனால் பாட முடியாத வேகத்தில் நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமரலாம். சுவரைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் சிறிது நேரம் நிற்கலாம். நெஞ்சு வலியோ மயக்கமோ உடையவர்கள் முதலில் மருத்துவரைக் காண வேண்டும்.

ஆனால் முதியவருக்கு அறிவுரை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. மைசூர் நகரவாசிகளுக்குக் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. சிற்றூரின் முதியவர் எங்கே நடப்பார்? லாரி செல்லும் சாலையோரத்தில், தெருநாய்க்கும் பள்ளத்திற்கும் அஞ்சிக்கொண்டா? பஞ்சாயத்துத் திட்டத்தில் மேடுபள்ளமற்ற ஒரு பாதை, இடையிடையே அமர்வதற்குக் கல்பலகை, அந்தி நேரத்தில் ஒரு விளக்கு ஆகியவை இடம்பெற வேண்டும். முதியோர் நல மருத்துவத்துக்கான தேசியத் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டது. அதன் பயன் துணைச் சுகாதார நிலையம் வரை இறங்கினால், செவியும் கண்ணும் இரத்த அழுத்தமும் ஊரிலேயே சோதிக்கப்படும்.

குடும்பங்களுக்கும் ஒரு சொல். முதியவரின் கையிலிருந்து பாரமான வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முழுவதையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், பால் கணக்கைப் பார்ப்பதும், கொல்லையில் கீரைப்பாத்தி போடுவதும் அவருக்குரியனவாக இருக்கட்டும். ஓய்வூதியம் அவருடைய வயிற்றைக் காக்கும். அன்றாடம் தாமே எழுந்து நடந்து செய்யும் ஒரு பொறுப்பு, தாம் இன்னும் வேண்டப்படுகிறவர் என்னும் உணர்வை அவருக்குத் தரும்.