தூண்டிலைச் செய்தவன் யார்?



சூதாடி பெறும் வெற்றிக்கு வள்ளுவர் காட்டிய உவமையை நீங்கள் அறிவீர்கள். இரையென்று நம்பி மீன் தூண்டிலை விழுங்குகிறது. அக்குறளிலே 'பொன்' என்று வருவது இரும்பையே என்று, பரிமேலழகர் உரைவழி நின்று பல ஆண்டுகளாக வகுப்பிலே விளக்கி வந்திருக்கிறேன். ஒருநாள் ஒரு மாணவன் எழுந்தான். "சேர், அந்த இரும்பை ஆர் வளைச்சது?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. என்னிடமோ விடை இருக்கவில்லை. மீனைப் பற்றியும் சூதாடியைப் பற்றியும் பேசிய நான், செய்தவனை ஒருபோதும் நினைத்ததில்லை.

விடை தேடியபோது பழைய ஆங்கில நூலொன்றைப் பற்றி அறிந்தேன். 1496இல் வைன்கின் டி வேர்ட் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சிட்ட அந்நூலிலே தூண்டிற்கலை பற்றிய ஒரு பகுதி உண்டு. ஜூலியானா பேர்னர்ஸ் என்னும் பெண்மணி எழுதியதென்பது மரபு. அதன்படி, மீன்பிடிப்பவன் தன் தூண்டிலைத் தானே செய்ய வேண்டும். உருக்கு ஊசியைக் கரிநெருப்பிலே செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட வேண்டும். இளகிய ஊசியிலே கத்தியால் எதிர்முள் கிளப்பி, முனையைத் தீட்ட வேண்டும். மீண்டும் காய்ச்சியே வளைக்க வேண்டும், இன்றேல் முறியும். இறுதியாகக் காய்ச்சி நீரிலே தோய்த்தால் உறுதிபெறும்.

அடுத்தது ஈ கட்டுதல். தூண்டிலின் தண்டிலே கம்பளி நூலைச் சுற்றி உடலாக்கி, பறவை இறகைக் கட்டிச் சிறகாக்குவர். மார்ச் முதல் ஆகஸ்ட் வரைக்கும் 12 ஈக்களை அந்நூல் வகுத்துச் சொல்கிறது. எந்த மாதம் ஆற்றின்மேல் எந்த ஈ பறக்கிறது என்று கண்டறிந்தவனே அதைக் கட்டமுடியும். கை செய்வதற்கு முன் கண் கற்கவேண்டும்.

ஊசியும் தூண்டிலும் உடன்பிறப்புகள். 19ஆம் நூற்றாண்டில் உலகின் ஊசிகளிற் பெரும்பகுதியைச் செய்த இங்கிலாந்தின் ரெடிச் நகரம் தூண்டிலுக்கும் பெயர்பெற்றது. அங்கே ஊசிமுனை தீட்டியோர் கல்லும் உருக்கும் கலந்த தூசியைச் சுவாசித்து, நுரையீரல் கெட்டு, இளவயதிலேயே மாண்டனர். தூசியை அகற்றும் வழி வந்தபோது, ஆபத்துக்காகக் கிடைத்த உயர்கூலி குறைந்துவிடுமென்று அவர்களே அதை எதிர்த்தார்கள். நேயர்களே, இரையென்று எண்ணி இரும்பை விழுங்கியது மீன் மட்டுந்தானா?

மறுவாரம் அந்த மாணவனுக்கு இவற்றைச் சொன்னேன். தூண்டில் மீனுக்குப் பொய். செய்தவனோ அதிலே பொய் செய்யமுடியாது. பதம் குறைந்தால் நிமிர்ந்துவிடும், மிஞ்சினால் முறிந்துவிடும். அவன் கேட்டுவிட்டு, "அப்ப அவையின்ர பேர் ஒண்டும் இல்லையோ, சேர்?" என்றான்.

இல்லைத்தான். இப்போது அக்குறளைப் படிப்பிக்கும்போதெல்லாம் 'பொன்' என்ற சொல்லருகே சற்று நிற்கிறேன்.